விமானந்தாங்கிக் கப்பல் மாடல்: தளம் வளையாமலிருக்க

அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலின் நீளம் சுமார் 333 மீட்டர். 1/350 அளவில் செய்தாலே 95 சென்டிமீட்டர் வரும். அவ்வளவு நீளத் தளத்தை (விமானங்கள் ஏறி இறங்கும் மேல்தட்டை) ஒற்றை ஷீட்டில் வெட்டினால் வளைந்துவிடும். 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) ஷீட் இரண்டை ஒட்டிச் செய்யுங்கள். ஒட்டும் முன் அடி ஷீட்டில் இரண்டு விரற்கடைக்கு ஒன்றாகச் சிறு துளைகள் போடுவது முக்கியம். இல்லையென்றால் பசையின் ஆவி உள்ளேயே தங்கி, பிளாஸ்டிக்கை இளக்கி, பல வாரம் கழித்துக்கூடத் தளம் கொப்புளம்போல் உப்பும். என் முதல் தளம் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு இப்படித்தான் வீணானது.

ஒட்டியதும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, இரண்டு நாள் தொடாதீர்கள். அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் கொடுங்கள். தளத்தில் கோணலாகப் போகும் ஓடுபாதைக் கோடுகளை, ஐலண்ட் எனப்படும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டும் முன்பே வரைந்துவிடுங்கள். பிறகு ஸ்கேல் வைக்கவே இடமிருக்காது.