நீராய்வைச் சக மாணவர்முன் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்தடி நீரை ஆராயும் மாணவர் தம் முடிவுகளை நெறியாளரிடம் காட்டுகிறார், தேர்வாளரிடம் காட்டுகிறார், துறைக் கருத்தரங்கில் சக மாணவர்களிடமும் காட்டுகிறார். நெறியாளருக்குக் களம் தெரியும். தேர்வாளரின் கையில் முழு ஆய்வேடும் இருக்கும். சக மாணவருக்கோ திரையில் ஓடும் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. ஆனால் அந்த எண்களை எடுத்துத் தம்முடைய எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறவர் அவர்தான். அடுத்த ஆண்டு அதே வட்டத்தில் பாட்டிலோடு இறங்கப்போகிறவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். எனவே சக மாணவர்முன் வைக்கப்படும் ஆய்வு, அவர் அதை ஒப்பிட்டுப் பார்க்கவும் தேவைப்பட்டால் மறுக்கவும் போதுமான விவரங்களோடு இருக்க வேண்டும். கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் தவறுகள் பலவும் இந்த விவரங்களை வழியில் உதிர்த்துவிடுவதால் நேர்பவை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற கடினப்பாறை மாவட்டங்களின் கிணற்று நீரை மனத்தில் வைத்தே இங்கு அவற்றைச் சொல்கிறேன்.

மிகுந்த சேதம் விளைவிப்பது அலகைப் பற்றிய அலட்சியம். நைட்ரேட் அளவை இரண்டு விதமாகக் குறிக்கும் வழக்கம் உண்டு: நைட்ரேட் அயனியாகவே குறிப்பது ஒன்று, அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுக் குறிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.43 மடங்கு வேறுபாடு உண்டு. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று சொல்வது நைட்ரேட்டாக. அமெரிக்க வரம்பான 10 மில்லிகிராம் நைட்ரஜனாக. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். இதை அறியாமல், ஆய்வகக் கருவி நைட்ரஜனாகக் கொடுத்த 20 என்ற எண்ணை 45-க்குக் கீழே இருப்பதாகக் காட்டி, 'குடிக்க உகந்தது' என்று பச்சை நிறம் தீட்டிவிட்டால், உண்மையில் 88 மில்லிகிராம் நைட்ரேட் கொண்ட ஒரு கிணறு பாதுகாப்பான கிணறாக அவையோர் நினைவில் பதிந்துவிடும். அட்டவணையின் தலைப்பில் 'நைட்ரேட்டாக' என்றோ 'நைட்ரஜனாக' என்றோ ஒரு சொல் சேர்த்திருந்தால் கேட்பவர்களில் யாராவது ஒருவர் கையுயர்த்தியிருப்பார்.

டிடிஎஸ் என்னும் மொத்தக் கரைதிண்மத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. கையடக்க மீட்டர் கரைதிண்மத்தை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, தனக்குள் பதிந்துள்ள ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர்களில் அந்தக் காரணி 0.5, சிலவற்றில் 0.7. சென்டிமீட்டருக்கு 1,500 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறன் கொண்ட ஒரே நீர் ஒரு மீட்டரில் 750 என்றும் மற்றொன்றில் 1,050 என்றும் காட்டும். இரண்டு மாணவர்கள் இரண்டு மீட்டர்களோடு ஒரே ஊருக்குப் போய்விட்டு, இரண்டு ஆண்டுகளில் நீர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு இது போதும். கடத்துதிறனையே முதன்மையாகக் கொடுத்து, டிடிஎஸ் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் பக்கத்தில் எழுதுவதே முறை.

வரம்புகளைச் சொல்லும்போதும் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். 2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரம், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ஐ.எஸ். 10500, பல கூறுகளுக்கு இரண்டு வரம்புகளைத் தருகிறது: ஏற்கத்தக்க அளவு ஒன்று, வேறு நீராதாரமே இல்லாதபோது மட்டும் அனுமதிக்கப்படும் அளவு மற்றொன்று. டிடிஎஸ்ஸுக்கு அவை 500, 2,000, மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600, ஃபுளோரைடுக்கு 1.0, 1.5 மில்லிகிராம். நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. 45 தான் ஒரே வரம்பு. ஒரே கிணற்றுத் தொகுப்பை ஒருவர் 500-ஐ வைத்துப் பார்த்து 'பெரும்பாலானவை தகுதியற்றவை' என்கிறார். மற்றொருவர் 2,000-ஐ வைத்துப் பார்த்து 'பெரும்பாலானவை தகுதியானவை' என்கிறார். இருவரும் 'பிஐஎஸ் தரத்தின்படி' என்றே சொல்வதால் கேட்பவர் குழம்பிப்போகிறார். எந்த வரம்பு, ஏன் அந்த வரம்பு என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல நேரமில்லை என்பவர்களுக்கும் உலகின் நீரில் ஏறத்தாழ இரண்டரை சதவீதமே நன்னீர் என்று வட்டப்படம் காட்ட நேரம் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

மாதிரி எடுத்த கதையைக் களப்படம் ஒன்றோடு முடித்துக்கொள்வது அடுத்த தவறு. மாணவர் கிணற்றடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது திறந்த கிணறா ஆழ்துளைக் கிணறா, ஆழம் எவ்வளவு, அன்று காலையிலிருந்து மோட்டார் ஓடியதா என்பவை அந்தப் படத்தில் தெரிவதில்லை. நெடுநேரம் ஓடாத போர்வெல்லில் முதலில் வருவது குழாய்க்குள் தேங்கிக் கிடந்த நீர். அதை வெளியேற்றிவிட்டு, கடத்துதிறன் நிலைபெற்ற பிறகு பிடித்ததே நீர்த்தாங்கியின் நீர். கார அமிலத்தன்மையை (pH) களத்திலேயே அளந்திருக்க வேண்டும்; ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி அளவு மாறிவிடும். ஃபுளோரைடு மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். பாலிஎத்திலீன் பாட்டிலே அதற்கு உரியது. உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்தார்களா, கோலிஃபார்ம் பாக்டீரியா சோதனைக்கு எடுத்த நீர் எத்தனை மணி நேரத்தில் ஆய்வகம் சேர்ந்தது ஆகியவையும் அப்படியே. இவற்றை எல்லாம் வாய்மொழியாக விவரிக்க வேண்டியதில்லை. திரையின் ஒரு பக்கத்தில் சிறு அட்டவணையாக நிறுத்தினால் வேண்டியவர் படித்துக்கொள்வார்.

நாளைக் குறிப்பிடாமல் விடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் நம் மாநிலத்தில் அதன் விளைவு பெரிது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மே மாதக் கிணற்று நீரும் ஜனவரி மாதக் கிணற்று நீரும் வேறு வேறு. மழைக்குப் பிறகு உப்பு குறைந்தே தீரும் என்று நினைப்பதும் சரியல்ல. சில இடங்களில் மழைநீர் மண்ணில் தேங்கியிருந்த உப்பையும் உர எச்சத்தையும் அடித்துக்கொண்டு கீழிறங்கி, சிறிது காலத்துக்கு அளவைக் கூட்டிவிடும். ஆகவே 'பருவமழைக்குப் பின்' என்ற சொல் போதாது. மாதமும் ஆண்டும் வேண்டும், முடிந்தால் அதற்கு முந்தைய வாரங்களின் மழையளவும் வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்மட்ட அளவீடுகள் ஆண்டுக்கு நான்கு முறை நடப்பவை. உங்கள் மாதம் தெரிந்தால்தான் மற்றவர் அவற்றோடு பொருத்திப் பார்க்க முடியும்.

வாரியத்தின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழகத்தில் நிலத்தடி நீர் மதிப்பீடு பல ஆண்டுகள் பிர்க்கா (வட்டத்தின் வருவாய் உட்பிரிவு) வாரியாக நடந்தது. ஒரு பகுதி 'அதிகமாக உறிஞ்சப்பட்டது' என்று வகைப்படுத்தப்பட்டால், ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவைக் காட்டிலும் கூடுதலாக அங்கே எடுக்கப்படுகிறது என்று பொருள். அது அளவைப் பற்றிய தீர்ப்பு, தரத்தைப் பற்றியதன்று. அந்த வரைபடத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு ஃபுளோரைடு பற்றிப் பேசத் தொடங்கினால், இரண்டுக்கும் காரணத் தொடர்பு நிறுவப்பட்டுவிட்டதைப் போன்ற தோற்றம் எழும்.

கணக்குச் சரியாக வராததை மறைப்பது வெட்கத்தால் நேரும் தவறு. நீரில் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் மில்லிசமான (milliequivalent) அலகில் ஏறத்தாழ ஒத்துவர வேண்டும்; வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாக எதிர்பார்க்கப்படுவது. நாற்பது மாதிரிகளில் ஏழு மாதிரிகள் 15 சதவீதம் தவறினால், பலர் அந்த நெடுவரிசையையே நீக்கிவிட்டு, அயனிகளின் விகிதத்தைக் கொண்டு நீரை வகைப்படுத்தும் பைப்பர் வரைபடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த ஏழையும் காட்டினால் அவையில் உள்ள வேதியியல் மாணவர் ஒருவர், பைகார்பனேட் தரம்பார்த்தலில் பிழை இருக்கலாம் என்று சொல்லக்கூடும். சக மாணவர் அவை என்பது இத்தகைய உதவிக்காகவே கூடுகிறது; மறைத்தால் அதை இழப்பவர் பேசுபவர்தான்.

வண்ண வரைபடத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. முப்பது கிணறுகளின் ஃபுளோரைடு அளவை மென்பொருளில் இட்டால், ஒரு முழு மாவட்டமும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பளபளக்கும். ஆனால் கடினப்பாறைப் பகுதியில் நீர் பிளவுகளிலும் சிதைவுற்ற மேலடுக்கிலும் தங்குகிறது. அரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரண்டு போர்வெல்கள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவையாக இருக்கலாம். இடையில் உள்ள நிறம் மென்பொருளின் ஊகம். வரைபடத்தின் மேல் கிணறுகளைப் புள்ளிகளாகக் குறித்துவிட்டால், எங்கே அளந்தோம், எங்கே ஊகித்தோம் என்பது பார்ப்பவருக்கே விளங்கிவிடும். என்னைக் கேட்டால், முப்பது மாதிரிகளுக்கு நிறமேற்றிய புள்ளிகள் மட்டுமே போதும்.

நீர்த்தரக் குறியீடு எனப்படும் ஒற்றை எண்ணும் அப்படித்தான் மயக்குகிறது. பத்துக் கூறுகளுக்கு எடை கொடுத்து ஒன்றாக்கும்போது, ஃபுளோரைடு 3 மில்லிகிராம் உள்ள கிணறு, மற்றவை எல்லாம் நன்றாக இருப்பதால், 'நல்லது' என்ற வகைக்குள் புகுந்துவிடக்கூடும். குறியீட்டைக் காட்டுவதானால் எடைகளையும், வரம்பு தாண்டிய கூறுகளையும் சேர்த்தே காட்ட வேண்டும். பிறகு அந்தக் குறியீட்டுக்கும் டிடிஎஸ்ஸுக்கும் வலுவான ஒட்டுறவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பாக அறிவிப்பார்கள். டிடிஎஸ்ஸையும் சேர்த்துத்தான் குறியீடே கட்டப்பட்டது என்பது மறந்துபோயிருக்கும். கடத்துதிறனுக்கும் குளோரைடுக்கும் உள்ள ஒட்டுறவும் பல இடங்களில் இத்தகையதே, ஏனென்றால் அந்தக் கடத்துதிறனின் பெரும்பகுதி குளோரைடு உப்புகளால் வருவது. மாறாக, ஃபுளோரைடு கூடும் இடங்களில் கால்சியம் குறைந்திருப்பது பேசத்தக்க உறவு: கால்சியம் மிகுந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து ஃபுளோரைடு நீரிலிருந்து விலகும். பின்னால் ஒரு வேதிவினை நிற்கும் உறவு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாலும் தகும்.

தரவுக் கோப்பைப் பகிரும்போது இரண்டு சிறு பிழைகள் பெரிதாக வளர்கின்றன. கருவியால் கண்டறிய முடியாத அளவைச் சுழியம் என்று நிரப்புவது ஒன்று. 'கண்டறி எல்லைக்குக் கீழ்' என்று எழுதி, அந்த எல்லை எவ்வளவு என்பதையும் குறிக்க வேண்டும். இடக்குறிப்பைத் தவறாக எழுதுவது மற்றொன்று. கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 12 டிகிரி 31 நிமிட வடக்கு அகலாங்கில் இருக்கிறது, அதை 12.31 என்று தட்டச்சு செய்தால், கிணறு இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, தருமபுரி திசையில் போய் விழும். சரியான தசம வடிவம் 12.52.

கடைசியாக, கிணற்றுக்கு உரியவரின் பெயரையும் வீட்டு வாசல் தெரியும் படத்தையும் திரையில் இடுவதைப் பற்றி. கருத்தரங்கில் எடுத்த ஒரு கைப்பேசிப் படம் மாலைக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவை அடைந்துவிடும். 'இந்த வீட்டுத் தண்ணீர் நஞ்சு' என்ற பேச்சு அங்கே எழும்போது அதை விளக்க மாணவர் ஊரில் இருக்கமாட்டார். கிணறுகளுக்கு எண் கொடுத்து, இடத்தை ஊரளவில் மட்டும் குறித்தால் ஆய்வுக்கு ஒரு குறையும் வராது. துல்லியமான இடக்குறிப்பு தேவைப்படும் சக ஆய்வாளருக்குத் தனியே தரலாம். தண்ணீர் கொடுத்தவரிடம் முடிவைச் சொல்வதைக் கருத்தரங்குக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் கூடாது. ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டிய கிணற்றின் நீரைச் சிறு குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தால், அந்த எண் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வீடு.