இசைக்குழு நடத்துபவர்கள் நியூ ஆர்டரிடம் கற்றுக்கொள்ளக் கூடாதவை

மான்செஸ்டரின் நியூ ஆர்டர் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் பாட்டைச் சுற்றித்தான் இருக்கும். அதில் தப்பில்லை. கிதார், பாஸ், டிரம்ஸ் என்று ராக் குழுவாகத் தொடங்கி, சின்தசைசரையும் டிரம் மெஷினையும் உள்ளே கொண்டுவந்து, கிளப்பில் ஆடுகிறவர்களையும் அறைக்குள் தனியாகக் கேட்கிறவர்களையும் ஒரே பாட்டுக்கு மயங்க வைத்தவர்கள். ஆனால் சொந்தமாகக் குழு வைத்திருப்பவர்களும், நண்பர்களோடு சேர்ந்து ஒரு லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பவர்களும் பார்க்க வேண்டியது அவர்களுடைய வரவு செலவை. குழுவின் பாஸ் கலைஞர் பீட்டர் ஹுக், தாங்கள் நடத்திய கிளப்பைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘ஒரு கிளப்பை எப்படி நடத்தக் கூடாது’ என்ற பொருளில்தான் துணைத்தலைப்பு வைத்தார்.

கதைச் சுருக்கம் இது. ஜாய் டிவிஷன் என்ற பெயரில் நால்வர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பும் தறுவாயில், பாடகர் இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். நால்வரில் ஒருவர் போனாலும் அந்தப் பெயரில் தொடர்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்ததால், பெர்னார்ட் சம்னர், ஹுக், ஸ்டீஃபன் மோரிஸ் மூவரும் நியூ ஆர்டர் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டே கில்லியன் கில்பர்ட் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தார். பெயர் விஷயத்தில் அன்று இருந்த தெளிவு பின்னாளில் காணாமல் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

லாபத்தில் பாதி என்றால், செலவிலும் பாதி உங்களுடையது

அவர்களுடைய லேபிள் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ். டோனி வில்சனும் ஆலன் எராஸ்மஸும் 1978-ல் தொடங்கியது. ஏற்பாடு என்னவோ இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும்: செலவு போக வருவதில் பாதி குழுவுக்கு, பாதி லேபிளுக்கு. பெரிய நிறுவனங்கள் கொடுத்த ராயல்டியோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ மேலே. ஆனால் ‘செலவு போக’ என்ற அந்த இரண்டு சொல்லைத்தான் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

1983 மார்ச்சில் ‘ப்ளூ மண்டே’ 12 அங்குலத் தட்டாக வந்தது. ஏழரை நிமிடப் பாட்டு. அட்டையை வடிவமைத்தவர் பீட்டர் சேவில். அப்போதைய கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி டிஸ்க் போலவே செய்தார். நடுவிலும் பக்கத்திலும் நிஜமான துளைகள் வெட்டி, உள்ளே வெள்ளி நிற உறை. வெளியே குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரமாகச் சில வண்ணக் கட்டங்கள் மட்டும். அவை ஒரு சங்கேத எழுத்து. அதைப் படிக்க உதவும் வண்ணச் சக்கரம் அதன்பின் வந்த ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது.

அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் துளை வெட்டும் கூலியும் தனி வண்ணங்களின் செலவும் சேர்ந்து, ஒவ்வொரு தட்டும் நஷ்டத்தில் விற்றது. ஒரு அட்டைக்கு 5 பென்ஸ் போனது என்று வில்சன் சொல்லியிருக்கிறார். தொகை ஆளுக்கு ஆள் மாறும், நஷ்டம் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இவ்வளவு விற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பது சேவில் தரப்பு நியாயம். சில ஆயிரம் பிரதிகள் விற்றிருந்தால் அந்த நஷ்டம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. உலகிலேயே அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) என்று பெயர் வாங்கியதால்தான் அடி பலமாக விழுந்தது. பின்னர் அச்சிட்டபோது துளை இல்லாத சாதாரண அட்டைக்கு மாறினார்கள்.

எனவே அட்டை, வீடியோ, மேடை விளக்கு என்று எதைத் திட்டமிட்டாலும் இரண்டு கணக்குப் போடுங்கள்: விற்காமல் போனால் என்ன ஆகும், எதிர்பாராமல் விற்றுத் தள்ளினால் என்ன ஆகும். முதல் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள்.

எல்லாப் பிழையையும் திருத்தப் போகாதீர்கள்

இதே பாட்டில் இன்னொரு தவறும் உண்டு. அதை அவர்கள் அப்படியே விட்டார்கள். ‘ப்ளூ மண்டே’யின் சின்தசைசர் வரிசையை ஒவ்வொரு சுரமாகக் கையால் உள்ளிட வேண்டிய வேலை கில்பர்ட்டுடையது. ஏ4 தாள்களை வரிசையாக டேப் போட்டு ஒட்டி, ஸ்டுடியோவின் நீளத்துக்கு விரித்து, அதைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். நடுவில் ஒரு சுரம் விட்டுப்போனது. மெலடி தாளத்திலிருந்து கொஞ்சம் விலகி ஓடியது. பாட்டின் தொடக்கத்தில் மெலடி எங்கே காலடி வைக்கிறது என்று பிடிபடாமல் ஒரு வழுக்கல் தெரியும், கேட்டுப் பாருங்கள். இன்றைய மென்பொருளில் அது ஒரே சொடுக்கில் நேராகிவிடும். நேராக்கியிருந்தால் பாட்டின் பாதி மயக்கம் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

பாட்டுக் காசை வேறு தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்

இதுதான் பெரிய தவறு. 1982 மே 21 அன்று மான்செஸ்டரின் விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட்டில், முன்பு படகு விற்பனைக் கூடமாக இருந்த ஒரு கட்டடத்தில் ஹசியெண்டா கிளப் திறந்தது. முதலீடு ஃபேக்டரியும் நியூ ஆர்டரும் போட்டது. வடிவமைப்பாளர் பென் கெல்லி, தொழிற்சாலைத் தூண்களில் மஞ்சள்-கறுப்புப் பட்டைகள் அடித்து, ஆடுகளத்தின் ஓரத்தில் சாலையில் பதிக்கும் பிரதிபலிப்பான்களைப் பதித்தார். பார்க்க வெகு ஜோர். ஆனால் அவ்வளவு பெரிய கூடத்தை நிரப்ப ஆள் வேண்டுமே? முதல் சில ஆண்டுகள் பல இரவுகள் காற்று வாங்கின. வெளிநாடு வெளிநாடாகப் போய் வாசித்துக் குழு சம்பாதித்தது இங்கே வந்து கரைந்தது.

இது வேண்டாம் என்றவர் உள்ளேயே ஒருவர் இருந்தார். ஜாய் டிவிஷன் ஆல்பங்களைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட். அந்தப் பணத்தில் நல்ல ஸ்டுடியோக் கருவி வாங்கலாம் என்பது அவர் கட்சி. அவர் ஃபேக்டரி மீது வழக்கே போட்டார். கேட்பாரில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வந்ததும் வாசலில் வரிசை நின்றது. அப்பாடா என்று நினைத்தால், அங்கே வேறு கூத்து. கிளப்புக்கு வருமானம் மது விற்பனையில். வந்த கூட்டமோ எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் தண்ணீர் குடித்து ஆடியது. கூட்டம் நிறைந்தும் கல்லா நிறையவில்லை. மாத்திரை வியாபாரத்தின் பின்னால் துப்பாக்கிக் கும்பல்கள் வந்தன. 1991-ல் சில மாதங்கள் மூடியே வைத்தார்கள். 1997-ல் ஒரேயடியாக மூடியாயிற்று. பிறகு கட்டடத்தை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். கிளப்பின் பெயர்தான் அதற்கும்.

குழுவின் மேனேஜர் ராப் க்ரெட்டன் நல்ல மனிதர், நேர்மையானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர் ஃபேக்டரியிலும் பங்குதாரர், கிளப்புக்கும் முன்னின்றவர். குழுவின் காசு கிளப்புக்குப் போகிறதே என்று குழுவின் சார்பில் கேட்க வேண்டியவர், வாங்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார். உங்கள் மேனேஜர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், கணக்கைப் பார்க்க அவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆடிட்டர் வேண்டும்.

ஒப்பந்தமே இல்லாமல் இருக்காதீர்கள் (கொஞ்சம் யோசித்து)

இந்த இடத்தில் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கலைஞர்களுக்கே எல்லாம் சொந்தம், நிறுவனத்துக்கு ஒன்றும் சொந்தமில்லை என்ற கருத்தில் ஒரு துண்டுக் காகிதம்தான் ஃபேக்டரியின் ஒப்பந்தம். வில்சன் அதில் தன் ரத்தத்தால் கையெழுத்திட்டார் என்பார்கள். 1990 வாக்கில் ஃபேக்டரி பெரும் செலவில் புது அலுவலகம் கட்ட, சொத்து விலை சரிந்தது. இன்னொரு குழுவான ஹேப்பி மண்டேஸ் பார்படாஸ் போய்ப் பதிவு செய்த ஆல்பம் பணத்தை விழுங்கியது. லண்டன் ரெக்கார்ட்ஸ் ஃபேக்டரியை வாங்க வந்தது. ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால், நியூ ஆர்டர் பாட்டுகள் ஃபேக்டரிக்குச் சொந்தமே இல்லை! பேரம் முறிந்தது. 1992 நவம்பரில் ஃபேக்டரி திவாலானது. லண்டன் நேராகக் குழுவிடமே பேசி, 1993-ல் ‘ரிபப்ளிக்’ ஆல்பத்தை வெளியிட்டது.

ஆக, நிறுவனத்தைக் கவிழ்த்த அதே காகிதம் குழுவின் உரிமையைக் காப்பாற்றியது. அந்தக் காகிதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டின் உரிமை யாருக்கு என்பதை அது இரண்டு வரியில் எழுதியது. செலவுக்கு யார் பொறுப்பு, வேறு தொழிலில் போடுவதற்கு யார் சம்மதம் வேண்டும் என்பதையும் அதேபோல் இரண்டு வரியில் எழுதியிருக்கலாம்.

பெயர் யாருடையது என்பதைச் சண்டைக்கு முன்பே எழுதுங்கள்

பாட்டுகளின் கீழ் நான்கு பேர் பெயரையும் சேர்த்தே போட்டது இவர்களுடைய நல்ல பழக்கம். குழுவின் பெயருக்கு அப்படியொரு தெளிவு இல்லை. 2007-ல் குழு முடிந்தது என்றார் ஹுக். மற்றவர்கள் இல்லை என்றார்கள். 2011-ல் அவர் இல்லாமலே நியூ ஆர்டர் மேடை ஏறியது, இடையில் விலகியிருந்த கில்பர்ட் திரும்பி வந்தார். பெயரைப் பயன்படுத்த சம்னர், மோரிஸ், கில்பர்ட் மூவரும் தனி நிறுவனம் வைத்து, அதில் வரும் வருமானத்தில் தனக்கு 1.25 சதவீதமே தருகிறார்கள் என்று 2015-ல் ஹுக் நீதிமன்றம் போனார். அவருக்கு நியாயமாகத்தான் தருகிறோம் என்பது எதிர்த்தரப்பு. 2017-ல் சமரசமானது. 1980-ல் ஜாய் டிவிஷன் பெயருக்குச் செய்துகொண்ட வாய்ப்பேச்சு போன்ற ஒன்றைப் புதுப்பெயருக்கும் தாளில் எழுதியிருந்தால் வக்கீல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

நீங்கள் எழுதும்போது மூன்று கேள்விக்காவது பதில் இருக்கட்டும்: ஒருவர் விலகினால் பெயரில் மேடை ஏற யாருக்கு உரிமை, குழுவின் பெயர் போட்ட சட்டை விற்ற காசிலும் கச்சேரிக் காசிலும் விலகியவருக்கு எத்தனை பங்கு, அது எத்தனை வருடத்துக்கு. முதல் கச்சேரிக்குக் கூலி வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுங்கள். அப்போது பங்கு போட ஒன்றும் இருக்காது, யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.