சுண்ணாம்புக் காரை வீட்டைக் கெடுக்காமல் பழுது பார்ப்பது எப்படி

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் வீடு ஒன்று பங்கில் வந்து சேர்ந்தால், முதலில் எல்லோரும் சொல்வது ‘சுவரெல்லாம் பொரிந்து கிடக்கு, சிமெண்ட் வைத்துப் பூசிவிடு’ என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், அதோடு வந்த உப்பு செங்கலுக்குள் பூக்கும், சில வருஷத்தில் சிமெண்ட் பத்தை பத்தையாக விழும்போது செங்கல் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

வேலையைத் தொடங்குமுன் வீட்டின் வயதைப் பாருங்கள். எது ஆதியில் கட்டியது, எது பின்னால் ஒட்டியது என்று தெரியாமல் எந்தச் சுவரிலும் கை வைக்கக் கூடாது. மூலப்பத்திரம் பெரும்பாலும் நான்கெல்லையைச் சொல்லிவிட்டு ‘மச்சு வீடு ஒன்று’ என்பதோடு முடித்துக்கொள்ளும். வாசல் நெற்றியில் சுதையில் ஆண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அடுக்கடுக்காக அடித்த வெள்ளைக்கு அடியில் மறைந்திருக்கும், ராத்திரியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் மேடு தெரியும். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல்தான், சார்வரி என்றால் 1840 ஆகவும் இருக்கலாம், 1900 ஆகவும் இருக்கலாம். அப்போது உத்தரத்தைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த இரும்பு உத்தரத்தில் டார்மன் லாங் என்று ஆங்கில எழுத்து புடைத்திருந்தால், அந்தக் கம்பெனியே 1875-ல் தொடங்கியதுதான், ஆக அந்தப் பகுதி 1840 இல்லை. மங்களூர் ஓட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் வந்தது 1865-ல், நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுப் பின்னால் அதை ஏற்றியவர்கள் ஏராளம்.

அடுத்தது தண்ணீர். பூச்சு, பெயின்ட் எல்லாம் அப்புறம். டெல்டாவில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து கார்த்திகை மழை வரைக்கும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், ஓதம் ஏறத்தான் செய்யும். அதை முழுக்க நிறுத்த முடியாது, குறைக்கலாம். முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கிறதா, மொட்டை மாடியில் தண்ணீர் வாட்டம் சரியாக ஓடுகிறதா என்று மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் திண்ணைக்குச் சமமாக ஏற்றி வைத்திருப்பார்கள், அதற்கு மனு கொடுத்துப் பார்க்கலாம், நம் பக்கம் தண்ணீர் வடிய ஒரு கால்வாயாவது எடுக்கலாம். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் ஒரு முழ அகலத்துக்கு உடைத்து எடுங்கள். ஈரம் அந்த வழியாகவாவது ஆவியாகட்டும்.

விரிசலைக் கண்டதும் அடைக்க வேண்டாம். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழையும் போகட்டும். களிமண் கோடையில் சுருங்கி மழையில் ஊதுவதால் சில விரிசல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி உடைந்து விரிசல் ஒரே பக்கமாக அகலமாகிக்கொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், இது கொத்தனார் வேலை இல்லை.

இப்போது சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும், கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். நீற்றியதைத் தண்ணீருக்கு அடியில் சில வாரம் ஊறவிட்டால் வெண்ணெய் மாதிரி வரும். அதில் 1 பங்குக்கு 2 முதல் 3 பங்கு உப்பில்லாத மணல். ஓதம் அடிக்கும் அடிச்சுவருக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் செங்கல் தூளைச் சேருங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பது நம் ஊர்ப் பழக்கம், தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவர் கணக்குக்கே விட்டுவிடுங்கள்.

பழைய பூச்சைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் உள்ள இணைப்பை ஒரு அங்குலம் சுரண்டி, செங்கலை நனைத்து, காரையை இறுக்கித் திணிக்க வேண்டும். பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயாமல் காக்க வேண்டும். அதனால்தான் தை, மாசியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் பூசினால் வெடித்துவிடும்.

சுவரில் அரசங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கலும் வரும். வெட்டிவிட்டு, அடிக்கட்டையைப் பட்டுப்போக விட்டு, அதற்கப்புறம் அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டலாம்.

வீடு தாராசுரம் கோயில் மாதிரி தொல்லியல் துறைச் சின்னத்துக்குப் பக்கமாக இருந்தால் இன்னொரு விஷயம்: 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரும் கட்டுப்பாட்டுப் பகுதி. பழுது பார்க்கவே அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியில் வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இவ்வளவு செலவும் வீண், அதுவும் சிமெண்ட் மாதிரி அடைக்கும். வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் மூன்று கோட் அடியுங்கள். சட்டையில் ஒட்டுகிறதே என்று வீட்டில் சண்டை வரும், கொஞ்சம் வஜ்ஜிரப் பசை கலந்துகொண்டால் சரியாகும்.