வாங்கிய காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முதல்முறை கார் வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

புதுக் கார் வாங்கிய சில நாட்களிலேயே கோளாறு தெரிந்தால், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பலரும் முதலில் கேட்பது, வண்டியையே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட முடியாதா என்பதுதான். பிடிக்கவில்லை, வேறு மாடல் எடுத்திருக்கலாம் என்ற காரணங்களுக்காக, பதிவு முடிந்த காரைத் திருப்பித் தரும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வண்டியில் குறை இருந்தாலோ, விற்றவர் ஏமாற்றியிருந்தாலோதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைக்கு வரும். அப்போதும் நம் கையில் என்னென்ன காகிதங்கள் உள்ளன என்பதே வழக்கைத் தீர்மானிக்கும்.

முதற்படியைப் பதிவுக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். பதிவு முடிந்து நம்பர் விழுந்துவிட்டால் நாம்தான் அந்த வண்டியின் முதல் உரிமையாளர். அதன்பின் ஷோரூம்காரர் அதைப் பழைய வண்டியாகத்தான் விற்க முடியும் என்பதால், எளிதில் திரும்ப எடுக்க மாட்டார். ஆகவே முழுத் தொகையைக் கட்டும் முன், நமக்கென ஒதுக்கிய வண்டியையே நேரில் பார்த்து, சேசிஸ் எண்ணையும் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்) தயாரிப்பு மாதம், ஆண்டையும் படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலைத் தகுதிச் சான்று) ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2009-இல் தயாராகி ஏற்கெனவே ஓடியிருந்த காரை 2011 மாடல் என்று ஒரு டீலர் விற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தயாரிப்பாளருக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டப்படாததால், அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் தீர்ப்பானது.

இரண்டாம் படி ஜாப் கார்டு, அதாவது சர்வீஸுக்கு விடும்போது நம் புகாரைப் பட்டறையில் எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். இதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பாவின் புதுக் காரில், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு நழுவியது. இரண்டு முறை சர்வீஸுக்கு விட்டும் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அதைப் படிக்காமலே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த இரண்டு காகிதங்களை வைத்துப் பார்த்தால் கியரில் கோளாறு இருந்ததற்கே சான்றில்லை. மூன்றாம் முறை நானும் உடன் சென்று, “ஏற்றத்தில் மூன்றாவது கியர் நழுவுகிறது, இதே புகாருக்கு மூன்றாம் வருகை” என்று கிலோமீட்டர் கணக்கோடு எழுதச் செய்த பிறகே அவரைக் கையெழுத்திடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எத்தனை நாள் பட்டறையில் நின்றது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படியாக, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் தனித்தனியே ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி கடிதம் அனுப்ப வேண்டும். விற்றவர் டீலர், வாரண்டி கொடுத்தவர் தயாரிப்பாளர். ஒருவரை விட்டுவிட்டால் பொறுப்பை மற்றவர் அவர்மேல் தள்ளிவிட இடம் உண்டு. சித்தப்பாவுக்கு இந்தக் கட்டத்திலேயே வாரண்டியில் கியர்பாக்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். முழு வண்டியும் மாறவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனால் பழுதான பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே ஒரு கார் வழக்கில் கூறியிருக்கிறது.

கடிதத்துக்கும் பலனில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்கு அங்கேயே நடக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பெங்களூரிலோ சேலத்திலோ வாங்கிய காராக இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எல்லையோரம் வாழும் நமக்கு இது பெரிய வசதி. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. உற்பத்திக் குறை என்று வாதாடினால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. எனவே நிபுணர் ஒருவரை வைத்து வண்டியைப் பரிசோதிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக டாக்ஸி வாங்கியவரும் நுகர்வோர்தான்.

பழைய கார் வாங்குவோருக்கு நிலைமை வேறு. தனிநபரிடம் வாங்கியிருந்தால் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும். ஏமாற்றிச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோர இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இடம் தருகிறது. விபத்தில் சிக்காதது, வெள்ளத்தில் மூழ்காதது, இத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவர் வாயால் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். கர்நாடகப் பதிவெண் வண்டியென்றால், வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகம் படிவம் 28-இல் தரும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கைக்கு வரும்வரை மீதித் தொகையைக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.