சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள்: புறக்கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள், 690 என்றால் சீனப் பொருள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. ஒரு நாட்டையோ கம்பெனியையோ எதிர்த்து அதன் பொருளைப் புறக்கணிப்பவர்கள், இதை நம்பி ஒதுக்குவதுதான் முதல் தவறு. அந்த எண்ணைக் கம்பெனி பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையிடம் வாங்கியது என்பதை மட்டுமே அது காட்டும். சீனாவில் செய்த பிளாஸ்க்கை இங்குள்ள கம்பெனி தன் பெயரில் விற்றால், அதிலும் 890 இருக்கலாம்.

படிக்க வேண்டியது முகவரி வரியை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தயாரித்தவர், பொட்டலம் கட்டியவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளென்றால் எந்த நாட்டில் ஆனது என்பதும் வேண்டும். ‘மார்க்கெட்டட் பை’ என்பது விற்பவர் பெயர். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரிய கம்பெனி சோப்பு உறைகளில் நாலைந்து ஆலை முகவரிகள் ஏ, பி, சி என்று பொடி எழுத்தில் இருக்கும். பேட்ச் நம்பரின் முதல் எழுத்து எதுவோ, உங்கள் கையில் இருப்பது அந்த ஆலையில் செய்தது. சில உறைகளில் முதல் இரண்டு எழுத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். பேட்ச் நம்பர் மை சில நேரம் விரல் பட்டாலே அழியும். கடையிலேயே போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பர்மா பஜாரில் சார்ஜர், பவர் பேங்க் வாங்கினால் ‘ஆர்’ எழுத்துடன் வரும் எட்டு இலக்கப் பதிவெண்ணைத் தேடி, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போடுங்கள். தயாரிப்பாளர் யாரென்று வரும். எண்ணே இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. உங்கள் எதிர்ப்பு முதலாளி மீதா, ஆலை இருக்கும் நாட்டின் மீதா? திருவொற்றியூர் விம்கோ நகருக்குப் பெயர் தந்த தீப்பெட்டிக் கம்பெனி பல்லாண்டுகள் சுவீடன்காரர் கையில் இருந்தது. குச்சி அடுக்கிய கைகளோ நம் ஊர்க் கைகள். ‘மேட் இன் இந்தியா’ என்ற வரி, லாபம் எங்கே போகிறது என்று சொல்லாது. ஹமாமை நம்ம ஊர் சோப்பு என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். டாடாவின் டாம்கோ கம்பெனி சோப்பாக இருந்தது, 1993-இல் வெளிநாட்டு யுனிலீவரின் கிளையான இந்துஸ்தான் லீவரோடு (இன்றைய இந்துஸ்தான் யுனிலீவர்) இணைந்தது. அந்தக் கம்பெனியை எதிர்த்து ரின்னை விட்டு வீல் வாங்கினால், பணம் அதே கல்லாவுக்குத்தான் போகிறது.

வாங்கி வைத்ததைக் குப்பையில் கொட்டாதீர்கள். அதன் காசு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, தீர்ந்ததும் மாற்றுங்கள். முனைக்கடை அண்ணாச்சியிடம் சண்டை போடுவதும் வேண்டாம். ஏஜென்சியிலிருந்து வருவதைத்தான் அவர் அடுக்குகிறார். மாற்றுச் சரக்கின் பெயரைச் சொல்லி, நாலு வீடு சேர்ந்து தொடர்ந்து கேளுங்கள், நிச்சயம் வரவழைப்பார்.

கோரிக்கை இல்லாத புறக்கணிப்பு யாருக்கும் புரியாது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லேவுக்கு எதிராகத் தொடங்கியவர்கள், ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மாவை விளம்பரப்படுத்தாதே என்று தெளிவாகக் கேட்டார்கள். 1981-இல் உலக சுகாதாரப் பேரவை அதற்கான நெறிமுறையை ஏற்றது. 1984-இல் கம்பெனி இணங்கியதும் நிறுத்தினார்கள். வாக்கு காக்கப்படவில்லை என்று 1988-இல் மீண்டும் தொடங்கினார்கள்.

நீங்களும் ஒரே ஒரு பொருளில் தொடங்குங்கள். எதை வாங்குவதில்லை, ஏன், எது மாறினால் திரும்ப வாங்குவோம் என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவைக்கான போன் நம்பரும் மின்னஞ்சலும் அதே உறையில், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும்.