பழமும் சீசும் குத்தின குச்சி: பார்ட்டிக்குச் சுகமான வேலை

எங்கட பக்கப் பிறந்தநாள் மேசையில கேக், பற்றிஸ், ரோல்ஸ் எண்டு எல்லாமே மாவும் எண்ணெயும்தான். நடுவில பழமும் சீசும் குத்தின தட்டு ஒண்டை வைச்சுப் பாருங்கோ, பிள்ளையள் முதல்ல அதைத்தான் காலியாக்குங்கள். அடுப்பு மூட்டவும் தேவையில்லை. எதுக்குப் பக்கத்தில எதைக் குத்திறது எண்டதில மட்டும் கவனம் வேணும்.

சீஸ் எண்டால் கட்டி செடார் வாங்குங்கோ. முக்கோணமாப் பேப்பர் சுத்தி வாறது பாணுக்குப் பூசத்தான் சரி, குச்சி ஏத்தினால் பிளந்துபோடும். 200 கிராம் கட்டியை ஒன்றரைச் சென்ரிமீற்றர் துண்டாப் போட்டால் கிட்டத்தட்ட 50 வரும். குச்சிக்கு இரண்டு எண்டால் 25 குச்சி. பிரிட்ஜால எடுத்த கையோட வெட்டுங்கோ, சுணங்கினால் இந்த வெக்கைக்குக் கத்தியில ஒட்டும்.

எங்கட மாமி சீசைக் கண்டாலே "இது மச்சமோ பிள்ளை?" எண்டு கேப்பா. நியாயமான கேள்விதான். சில சீசுக்குப் பாலைத் திரைய வைக்கிற ரெனெற் கன்றுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிறது. மச்சம் விலக்கிற நல்லூர்த் திருவிழா 25 நாளுக்குள்ள பார்ட்டி வைச்சால் பெட்டியை வாசிச்சுப்போட்டு வாங்குங்கோ. சைவ அடையாளம் போட்டதும் கிடைக்கும்.

பழத்துக்கு யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தை போதும். வைகாசி, ஆனி எண்டால் கறுத்தக் கொழும்பான் மாம்பழம். ஆனால் செங்காயாப் பாத்து எடுங்கோ. நல்லாக் கனிஞ்சது குச்சியில நிக்காது, அதை வீட்டில இருந்து வடிவாச் சூப்பலாம். கொய்யா, அப்பிள் வெட்டினால் உடன தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டுப் பிரட்டிவிடுங்கோ, நிறம் மாறாது. வாழைப்பழம் வேண்டாம். வத்தகப்பழமும் வேண்டாம், தண்ணி விட்டுச் சீசை ஊற வைச்சிடும்.

அன்னாசிதான் சிக்கல்காரன். அதில புரோமெலெயின் எண்ட நொதியம் கிடக்கு. இறைச்சி மெத்தெண்டு அவியப் பப்பாக்காய் போடுறமே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்யும். பால் புரதத்தை உடைக்கிறதால, அன்னாசி தொட்டுக்கொண்டிருக்கிற பக்கம் சீஸ் இளகிக் கைக்கத் தொடங்கும். அதுக்காக அன்னாசியை விடேலுமோ? நடுவில முந்திரிகைப்பழத்தை (திராட்சையை) காவல் வையுங்கோ. நான் குத்திற ஒழுங்கு: முந்திரிகை, சீஸ், மாம்பழம், சீஸ், முந்திரிகை, கடைசியா அன்னாசி. ரின்னில வாற அன்னாசி சூடாக்கினது, அதுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

மூங்கில் குச்சியைத் தண்ணியில ஊறப்போடுறது நெருப்பில வாட்டத்தான், இதுக்குத் தேவையில்லை. குத்தி முடியக் கூர் நுனியை நறுக்கிவிடுங்கோ. அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குக் குச்சியே குடுக்க வேண்டாம். முந்திரிகையை நெடுக்கா நாலா வெட்டித் தட்டில போடுங்கோ, முழுசா விழுங்கினால் தொண்டையில அடைச்சிடும்.

பழத்தைக் காலமையே வெட்டித் துணியால ஒத்தி, மூடி பிரிட்ஜில வைக்கலாம். குத்திறது ஆக்கள் வரத் தொடங்கேக்க. வெளியில 2 மணித்தியாலத்துக்கு மேல வைக்க வேண்டாம். 32 பாகைக்கு மேல போற மத்தியானத்தில 1 மணித்தியாலந்தான். அதால பாதியை முதல்ல வையுங்கோ, மிச்சம் பிறகு. அரைக் கோவாவை (முட்டைக்கோசை) கவிட்டு வைச்சு அதில குத்திவிட்டால் வடிவா நிக்கும். பெரியாக்களுக்கெண்டு பக்கத்தில ஒரு சின்னக் கிண்ணத்தில உப்பும் மிளகாய்த்தூளும் வையுங்கோ, அன்னாசிக்கு.