வில்லி சொல்லும் ஸ்னோ ஒயிட்: ஒரே புத்தகத்தைத் தபாலில் ஏழு பேர் படிப்பது எப்படி?

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். நாகர்கோவில், நெல்லை, ஈரோடு, புதுச்சேரி, சென்னை என்று சிதறிக் கிடக்கிறோம். ஸ்னோ ஒயிட் கதையை அந்த மாற்றாந்தாய் ராணியே தன் வாயால் சொல்வதுபோல எழுதிய ஒரு நாவல், ஒரே ஒரு பிரதி, தபாலில் எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டது. எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கீழே அதைப் பற்றித்தான் பேச்சு ஓடும். எந்தத் தேவதைக் கதையாக இருந்தாலும், கதை சொல்வது வில்லனோ வில்லியோ என்றால் இந்த முறை பொருந்தும்.

ஆள் சேர்ப்பது, வாட்ஸாப் குழு தொடங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: மூலக்கதையை முதலில் அனுப்புங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "ஸ்னோ ஒயிட்தானே, சின்ன வயதிலேயே தெரியும்" என்பார்கள். தெரிந்தது 1937-இல் வந்த டிஸ்னி படம். அதில் விஷம் வைத்த ஆப்பிள் மட்டும்தான். கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையில் ராணி மூன்று முறை மாறுவேடத்தில் வருகிறாள்: முதலில் மேலாடையை இறுக்கும் நாடா, அடுத்து விஷச் சீப்பு, மூன்றாவதுதான் ஆப்பிள். வேடன் கொண்டுவரும் நுரையீரலையும் கல்லீரலையும் சமைக்கச் சொல்லிச் சாப்பிடுகிறாள். அவை காட்டுப்பன்றியுடையவை என்பது அவளுக்குத் தெரியாது. கடைசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு செத்து விழும்வரை ஆடவைக்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல் வில்லியின் வாக்குமூலத்தைப் படித்தால் பாதி ருசி போய்விடும். அவள் நாடாவைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறாள் என்பதைக் கண்டுபிடிக்க, நாடா என்று ஒன்று இருந்தது தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. 1812-இல் வந்த முதல் பதிப்பில் அந்த ராணி ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாய். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பெற்றவள் செத்துப்போய், மாற்றாந்தாய் வருகிறாள். வில்லி தரப்பில் கதை சொல்லும் எழுத்தாளர் இந்த இரண்டில் எதை எடுத்துக்கொண்டார் என்பது பெரிய விஷயம். எங்கள் குழுவில் நீண்ட சண்டை இதற்காகத்தான்.

மார்கரெட் ஹன்ட் 1884-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்னோ ஒயிட் அதில் 53-ஆவது கதை. சில பக்கங்கள்தான். பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போட்டுவிடுங்கள். காப்புரிமை முடிந்துபோன நூல் என்பதால் பிரச்சினை இல்லை. நாவலை மட்டும் அப்படி ஸ்கேன் செய்து போடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பிரதியைக் கைமாற்றிப் படிப்பது வேறு, நகல் எடுத்துப் பரப்புவது வேறு.

படி 2: வரிசை

ஊர் தூரத்தை வைத்து வரிசை போடத் தோன்றும். நான் மழையை வைத்துப் போடுவேன். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை, கடலூர், புதுச்சேரிக்காரர்களை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈரோடு, கோவைப் பக்கம் இருப்பவர்கள் பின்னால் வரலாம். வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் மார்ச் மாதத்தை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

படி 3: முதல் சுற்றில் புத்தகத்தில் ஒரு கோடுகூடக் கூடாது

இந்தப் படிதான் எங்களைப் படுத்தி எடுத்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பிரதியைச் சுற்றவிடும் குழுக்களில் வழக்கம் என்ன? ஆளுக்கொரு கலர் பேனா, ஓரத்தில் குறிப்பு, அடுத்தவர் அதற்குப் பதில் குறிப்பு. கவிதைப் புத்தகத்துக்கு அது அருமையாக இருக்கும். வில்லி கதைசொல்லியாக இருக்கும் புத்தகத்துக்கு அது விஷம். ஏனென்றால் இந்த வகைக் கதையின் சுவாரசியமே அவளை எந்தப் பக்கம்வரை நம்பினோம், எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது என்பதுதான். முதல் ஆள் 40-ஆம் பக்கத்தில் "புளுகுகிறாள்!" என்று எழுதிவைத்துவிட்டால், அதற்குப் பிறகு படிக்கிற ஆறு பேருக்கும் அந்தச் சந்தேகம் சொந்தச் சந்தேகம் இல்லை. தீர்ப்பு எழுதிய பிறகு சாட்சியை விசாரிப்பதுபோல ஆகிவிடும்.

எங்கள் முதல் முயற்சியில் இதுதான் நடந்தது. கடைசியாகப் படித்தவர் போனில் சொன்னார்: "நான் ராணியைப் படிக்கலைங்க, உங்க ஆறு பேரைத்தான் படிச்சேன்."

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி அஞ்சலட்டை. 50 காசு கார்டு. படிக்கும்போது ஒவ்வொருவரும் கார்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதவேண்டும்:

– எந்தப் பக்கத்தில் முதன்முதலாக அவளை நம்பாமல் போனீர்கள்?
– மூலக்கதையில் இருந்து அவள் சொல்லாமல் விட்டது எது?
– புத்தகத்தை மூடும்போது இரும்புச் செருப்பு நியாயம்தானா?

கார்டு ஒருங்கிணைப்பாளருக்கு, அதாவது எனக்கு வந்துவிடும். மற்றவர்கள் பார்க்கமுடியாது. இடம் போதவில்லை என்று புலம்புவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். இடம் குறைவாக இருந்தால்தான் யோசித்து எழுதுகிறார்கள்.

கூகுள் ஃபார்ம் போதுமே என்று ஒருவர் கேட்டார். போதும்தான். ஆனால் ஃபார்மை நிரப்புகிறவர்கள் "நல்லாருக்கு" என்று தட்டிவிட்டுப் போகிறார்கள். கார்டில் எழுத உட்கார்ந்தால் அப்படிச் செய்யக் கை வருவதில்லை.

படி 4: கார்டு எழுதினால்தான் அடுத்த முகவரி

எல்லோருடைய முகவரியையும் குழுவில் போட்டுவைக்காதீர்கள். பெண்கள் பலருக்கு அது பிடிக்காது, பிடிக்கவும் வேண்டியதில்லை. முகவரிகள் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். ஒருவர் எழுதி முடித்ததும் அடுத்தவர் முகவரியை அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

இதில் இன்னொரு லாபம். புத்தகம் ஒரே வீட்டில் தூங்குவது குறைகிறது. படித்துவிட்டேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்று இழுப்பவர்கள்கூட, முகவரி வேண்டுமானால் கார்டு எழுதியாகவேண்டும் என்பதால் சுறுசுறுப்பாகிறார்கள். எங்கள் கெடு மூன்று வாரம். கெடு தாண்டினால் நான் கேட்கமாட்டேன், வரிசையில் அடுத்து நிற்பவர்தான் கேட்பார். "அக்கா, அடுத்தது நான்தான்" என்று ஒரு தங்கை கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

படி 5: கட்டுவது

ஜிப் லாக் கவரில் புத்தகம். இரண்டு பக்கமும் புத்தக அளவில் அட்டை, பழைய காலண்டர் அட்டை போதும். அதை உள்ளே துணி ஒட்டிய பச்சைக் கவரில் போடுங்கள். ஸ்டேஷனரி கடையில் துணிக் கவர் என்று கேட்டால் தருவார்கள். பபிள் ராப் எனக்குப் பிடிக்காது. பேப்பர்பேக் புத்தகத்துக்கு உடைவதில்லை, மூலை மடிவதுதான் ஆபத்து. அதை அட்டைதான் தடுக்கும். ஸ்டேப்ளர் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் இதே கவரை மறுபடி பயன்படுத்தலாம், மேலே புது முகவரிச் சீட்டு ஒட்டினால் ஆயிற்று.

பெறுநர், அனுப்புநர் இருவரின் பின்கோடும் செல்போன் எண்ணும் அவசியம்.

படி 6: கவுண்டரில் என்ன கேட்பது?

பழைய பதிவுகளைப் பார்த்து "புக் போஸ்ட்" என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். பதிவு செய்த புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. 2025 மே 1 முதல் "ஞான் போஸ்ட்" என்று ஒரு சேவை வந்திருக்கிறது. 300 கிராம்வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், எண்ணை வைத்துப் பார்சல் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சிட்ட புத்தகங்களுக்கான சலுகை இது. புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்கவேண்டும். உங்கள் நாவல் இதில் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சலுகைக் கட்டணத்தில் போகும் புத்தகத்துக்குள் கடிதம் வைக்காதீர்கள். "அன்புள்ள அக்காவுக்கு" என்று தொடங்கும் சீட்டு, குறிப்பு நோட்டு எதுவும் வேண்டாம். நாங்கள் கார்டைத் தனியே அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கவுண்டரில் ஒட்டுவதற்குக் கையில் டேப் கொண்டுபோங்கள், உள்ளே என்ன என்று கேட்டால் திறந்து காட்டிவிட்டு அங்கேயே ஒட்டலாம்.

அவசரம் என்றால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது. ரசீதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். அதில் முகவரி தெரிந்தால் மறைத்துவிட்டு.

படி 7: இரண்டாம் சுற்று

புத்தகம் திரும்பி வந்ததும் கார்டுகளை எடுத்து, அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், பெயரின் முதலெழுத்தோடு. பென்சில் அப்சரா எக்ஸ்ட்ரா டார்க் என்றால் சின்ன எழுத்தும் தெரியும். ஹைலைட்டர் மறுபக்கம் ஊறும். ஒட்டும் சீட்டுகள் நம் ஊர் வெயிலில் பசையை விட்டுவிட்டு உதிரும்.

இப்போது மறுபடி அனுப்புங்கள். இந்த முறை யார் வேண்டுமானாலும் எதற்கும் பதில் எழுதலாம். எங்கள் பிரதியில் நாடா வரும் பக்கத்தில் ஓரம் முழுக்க எழுத்து. ராணியை முதல் பக்கத்திலேயே நம்பாதவர் ஒருவர், கடைசிவரை நம்பியவர் ஒருவர், இருவரும் நெல்லைக்காரர்கள். இதை நான் கிண்டல் செய்யப்போவதில்லை.

அப்டேட் 1: கார்டைத் தபால்காரரிலிருந்து வீட்டுக்காரர்வரை எல்லோரும் படிக்கிறார்கள், முடிவு தெரிந்துவிடுகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நியாயம்தான். அப்படியானால் இன்லண்ட் லெட்டர், 2 ரூபாய் 50 காசு. இடம் அதிகம் என்பதுதான் என் ஒரே வருத்தம்.

அப்டேட் 2: கார்டு வந்துசேரும்வரை அடுத்தவர் காத்திருக்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எழுதிய கார்டைப் போட்டோ எடுத்து ஒருங்கிணைப்பாளருக்குத் தனியாக அனுப்பினால் முகவரி தந்துவிடலாம். கார்டையும் தபாலில் போட்டுவிடவேண்டும், போட்டோவோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது.

அப்டேட் 3: "நானே சிண்ட்ரெல்லாவின் சித்தி சொல்வதுபோல ஒரு கதை எழுதியிருக்கிறேன், அதைச் சுற்றவிடலாமா?" தாராளமாக. ஆனால் தட்டச்சுப் பிரதியில் பதிப்பகப் பெயர் கிடையாது, எனவே ஸ்பீட் போஸ்ட்தான். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்களுக்கு எழுதியது நீங்கள்தான் என்று முதல் சுற்று முடியும்வரை சொல்லாதீர்கள். சொன்னால் யாரும் உங்கள் சித்தியைத் திட்டமாட்டார்கள்.

அப்டேட் 4: கிரிம் எதற்கு, நம் ஊரிலேயே இல்லையா என்று பலர். இருக்கிறதே. இராவணனை நாயகனாக்கிப் பாடிய புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946-இல் வந்தது, 1948-இல் தடை செய்தார்கள், 1971-இல்தான் தடை நீங்கியது. அடுத்த சுற்றுக்கு அதுதான். படி 1-இன்படி மூலக்கதையும் போகவேண்டும் என்பதால் கம்பனை முழுதாக அனுப்பலாமா என்று பேச்சு ஓடுகிறது. உரையோடு வைத்தால் 5 கிலோவுக்குள் அடங்காது என்பதால் இப்போதைக்குச் சுந்தர காண்டம் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன் சொல்லுங்கள்.